டேப் சுற்றிய வயர்

சென்ற வாரம் ஒரு கல்லூரிப் பெண் உறையில் போட்ட கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கடைப் படியேறினாள். நான் பார்ப்பது மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு, கரண்ட் கூடிக் குறைந்து செத்துப்போன டிவி போர்டு. கித்தாரெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் ஜிப்பைத் திறந்ததும் கை தானாக நீண்டுவிட்டது. பழைய காலத்து எலெக்ட்ரிக் கித்தாரைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்தது. வெண்ணெய் நிறப் பலகை, தந்திகளுக்கு அடியில் அவற்றின் அதிர்வைச் சத்தமாக்க இரண்டு காயில், மூன்று இடத்தில் நிற்கும் ஒரு ஸ்விட்ச், இரண்டு குமிழ்.

“பழைய மாடல் வயரிங் பண்ணித் தரணும் ஆன்ட்டி. சாமான் எல்லாம் ஆன்லைன்ல வாங்கிட்டேன். படமும் கூடவே வந்துது. எந்தக் கடையிலயும் தொட மாட்றாங்க” என்றாள்.

படம் ஒரு வழவழப்பான தாள். அந்த ஸ்விட்சை மூன்று விதமாக இணைக்கலாம் என்று மூன்று சித்திரம் போட்டிருந்தார்கள். எந்த வயர் எந்தக் காலுக்குப் போக வேண்டும் என்று சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. மூன்றிலும் கீழ் ஓரத்தில் ஒரே மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தந்திகளை மாட்டும் இரும்புத் தகட்டிலிருந்து கிளம்பி, குமிழுக்கு அடியில் இருக்கும் உலோகக் கூட்டின் முதுகில் போய் முடிந்தது. மற்ற கோடுகள் படத்துக்குப் படம் மாறின, இது மட்டும் மாறவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு: இதை விட்டுவிடாதீர்கள்.

அவள் போன பிறகும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிபன் பாக்சில் சோறு ஆறிப்போயிற்று.

உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடு ஒரு வயர். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கித்தாரில் அதை நான் பற்றவைத்தேன். அதனால் ஒருவர் செத்துப்போனார். பழியை வேறொருவர் சுமந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். விஷயம் இவ்வளவுதான். இனி நான் சொல்வதெல்லாம் சுற்றி வளைப்பது. சுற்றி வளைக்காமல் உனக்குப் பேசவே வராதா என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு ரேடியோ டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். என் ஊர் களமருதூரிலிருந்து தினமும் பஸ். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த வீட்டில், உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். தலையில் எப்போதும் சால்டரிங் பேஸ்ட் வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் மூக்கைச் சுளித்து, “இன்னா பாப்பா, எண்ண புதுசா?” என்று கேட்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். முதலாளிக்குக் கை நடுங்கும். நுணுக்கமான ஈயப் பற்றெல்லாம் என்னிடம்தான் வரும். எனக்குத் தலைக்கனம் ஏறியதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. அறுந்த வயரைக் கண்டால் என்னால் ஒட்டாமல் இருக்க முடியாது. அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட ஆடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் பெட்டியை முறைத்துக்கொண்டிருப்பேன்.

வைகாசியில் ஒருநாள் வெள்ளையன் வந்தார். உரச் சாக்கைப் பிரித்துத் தைத்த பையில் கித்தார். கல்வராயன் மலைக்காரர், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர். கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். கச்சேரி இல்லாத நாளில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றுவார். என் வயதுதான் இருக்கும். பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுவார், வாசிக்கும்போது நேராகப் பார்ப்பார்.

“இன்னாங்க, இது கத்திக்கினே கெடக்குது. பாட்டு நிறுத்துனாலும் இது நிறுத்தறதில்ல, உர்ருனு ஒரே எரைச்சல். ஆடிக்குள்ள சரி பண்ணலன்னா வேற ஆளு போட்டுக்கறேன்னுட்டாரு எங்க லீடரு.”

“ஆடியில இன்னா விசேஷம்?”

“எங்க ஊருத் திருவிழாங்க. எங்க கச்சேரியத்தான் பேசிக்கீறாங்க. நான் இல்லாம இவங்க மட்டும் மேல போயி வாசிச்சாங்கன்னா, எங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

அப்போது அவர்கள் குழுவுக்குப் புதிதாகக் கீபோர்டு வந்திருந்தது. ஒரு பையன் பத்து விரலில் புல்லாங்குழல், வயலின், கித்தார் எல்லாவற்றையும் வாசித்துவிடுவான். கித்தார்க்காரர் தேவையா என்ற பேச்சு குழுவில் அடிபட்டுக்கொண்டிருந்தது. இரைச்சல் ஒரு சாக்கு. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கித்தார் அவருக்கு வந்த விதத்தை டீ குடித்துக்கொண்டே சொன்னார். பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவியபோது அங்கே சாயங்காலத்தில் வாசித்த பெரியவர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. வெளிநாட்டுக் கித்தார் ஒன்றைப் பார்த்து இங்கேயே யாரோ செய்த நகல். அசலில் பளபளப்பான உலோகக் குமிழ் இருக்குமாம். இதில் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கறுப்பு பிளாஸ்டிக் குமிழ் இருந்தது. அசலில் ஸ்விட்சைத் தாங்கும் தகடு இரும்பு. இதில் சன்மைக்காவை வெட்டித் திருகியிருந்தார்கள். எவனோ காசில்லாமல் ஒப்பேற்றியிருக்கிறான் என்று நான் சிரித்தேன். வெள்ளையனும் சிரித்தார்.

“அந்தப் பெரியவரு குடுக்கும்போது ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. உள்ள எதுவும் நோண்டாத, இருக்கறபடியே வாசின்னு.”

“ஏனாம்?”

“அது கேக்கலீங்க.”

நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நோண்டுவதற்குத்தானே என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்.

அந்த ஸ்விட்ச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காயில் என்றேன் அல்லவா? ஒன்று கழுத்துப் பக்கம், அதன் சத்தம் தடிமன். இன்னொன்று தந்தி மாட்டும் தகட்டுப் பக்கம், அது கீச்சென்று கூர்மை. மிகப் பழைய வயரிங்கில் ஸ்விட்சைப் பின்னால் தள்ளினால் கூர்மையான காயில் மட்டும் பேசும். நடுவில் வைத்தால் தடித்த காயில் மட்டும். முன்னால் தள்ளினால் அதே தடித்த காயில் ஒரு கெப்பாசிட்டர் வழியாக வரும். மேல் சத்தமெல்லாம் அடங்கி, பேஸ் கித்தார் போல அடித்தொண்டையில் பேசும். இரண்டு காயிலும் சேர்ந்து பேச அதில் வழியே கிடையாது. பிற்பாடு வந்த வயரிங்கில் அந்த அடித்தொண்டையை எடுத்துவிட்டு, நடுவில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருந்தால், சேரும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும்.

வெள்ளையனின் கித்தார் பழைய ஏற்பாடு. அந்த அடித்தொண்டைச் சத்தத்தை அவர் ‘இருட்டு’ என்பார். பேஸ் வாசிக்கிற ஆள் வராத நாளில் ஸ்விட்சை இருட்டில் தள்ளிக் கட்டைவிரலால் பேஸ் வாசித்துச் சமாளித்துவிடுவாராம். இரைச்சல் போக வேண்டுமென்றால் இருட்டு போக வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“ரெண்டும் வெக்க முடியாதுங்களா?”

“நாலு எடத்துல நிக்கிற ஸ்விட்ச் இருந்தா வெக்கலாம். இங்க கெடைக்காது. மெட்ராசுல சொல்லி வெக்கிறேன், ஆடி கழிச்சி மாட்டிக்கலாம்.”

“சரிங்க. இப்ப இருட்டு வேணாம். ஊருக்குப் போனாப் போதும்.”

மூன்று நாள் அதில் உட்கார்ந்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை. நான் ஒவ்வொரு பற்று வைத்து முடித்ததும் அவர் தந்தியைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். சீக்கிரம் முடித்துவிடக்கூடாது என்று வேலையை இழுத்தேன். முதலாளி இரண்டு முறை இருமினார், எனக்குக் காது கேட்கவில்லை.

இரண்டு காயிலும் சேர்ந்தபோது இரைச்சல் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம் அவர் டீ வாங்கப் போயிருந்தார். நான் சன்மைக்காவைக் கழற்றி, விரல் நுழைகிற அளவுக்கு இருந்த குழியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் மூலையில், பலகையைத் துளைத்து வந்த ஒரு கறுப்பு வயர் யாரோடும் சேராமல் சும்மா கிடந்தது. தந்தித் தகட்டிலிருந்து வருகிற வயர். முனையில் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றி, நுனியை மடித்து ஒட்டியிருந்தது.

அவ்வளவு சுத்தமாக நான்கூடச் சுற்றமாட்டேன். அப்படி நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அறுந்த வயர் தானே டேப் சுற்றிக்கொள்ளாது. யாரோ வேண்டுமென்று வெட்டி, வேண்டுமென்று மூடியிருக்கிறார்கள். அது தெரிவதற்கு ஐ.டி.ஐ. கூட வேண்டாம். ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் ரேடியோ குமிழுக்கும் சன்மைக்காவுக்கும் அதே நிமிடத்தில் காரணம் தெரிந்திருக்கும். கரண்டை நம்பாத ஒரு மனிதர், வாசிக்கிற ஆளின் கை எந்த உலோகம் வழியாகவும் ஆம்ப்ளிஃபயரின் உடம்பைத் தொடாதபடி பார்த்துப் பார்த்து அடைத்துவைத்த கித்தார் அது. நான் டேப்பைப் பிரித்தேன். முனையைச் சுரண்டி, குமிழுக்கு அடியில் உள்ள உலோகக் கூட்டின் முதுகில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். தந்தியில் கை வைத்தேன். இரைச்சல் நின்றுவிட்டது. கடைக்குள் ஃபேன் சத்தம் மட்டும்.

வெள்ளையன் டீயோடு வந்து, கை வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்துப் பார்த்தார்.

“இன்னா பண்ணீங்க?”

“ஒரு வயரு உட்டுப் போயிருந்துது. ஒட்டிட்டேன்.”

விட்டுப் போயிருந்தது என்றுதான் சொன்னேன். வெட்டி மூடியிருந்தது என்று சொல்லவில்லை. அது பொய்யா என்று என்னை நானே இத்தனை வருடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அடுத்த இரண்டு மாதம் அவர் கீழே ஏழெட்டுக் கச்சேரி வாசித்தார். ஒன்றும் ஆகவில்லை. பலகை மேடை, காலில் ரப்பர் செருப்பு. லீடர் வேறு ஆள் பேச்சை விட்டுவிட்டார். ஆடியில் மலைக்குப் போகும் வேனில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். பாடுகிற இரண்டு அக்காமார் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மலைச்சாலைத் திருப்பம் ஒவ்வொன்றிலும் டிரம் பெட்டி என் முழங்காலில் இடித்தது.

மலையில் அந்த ஊரில் கச்சேரி பகலில்தான். இருட்டிய பிறகு வேன்காரர் மலையிறங்க மாட்டார். இன்னொன்று, மேடை கிடையாது. அம்மன் பார்க்க வாசிக்க வேண்டும், அம்மனைவிட உயரத்தில் நிற்கக்கூடாது. கோயிலுக்கு எதிரே சாணம் மெழுகிய மண் தரையில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். செருப்பையெல்லாம் தூரத்துப் பலா மரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம். காலையில் மழை தூறி நின்றிருந்தது, தரை சில்லென்று இருந்தது.

மைக் செட் தியாகதுருகத்து அய்யாக்கண்ணு. நாற்பது வயதிருக்கும், எந்தக் கச்சேரியிலும் முதலில் வந்து கடைசியில் போகிற மனிதர். கோயில் விளக்குக்கு வந்த லைனிலிருந்து வயர் இழுத்திருந்தார். கித்தார் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கில் மூன்றாவது காலை வெட்டியிருந்தது, ஸ்விட்ச் பலகையில் இரண்டு ஓட்டைதான் என்பதால். அந்தக் காலத்தில் அந்தப் பெரிய காலை வெட்டாத பிளக்கைக் கச்சேரிகளில் நான் பார்த்ததே இல்லை. கடையில் நானே எத்தனையோ வெட்டிக் கொடுத்திருக்கிறேன். எர்த் கால் அது, ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் கரண்ட் கசிந்தால் மண்ணுக்கு இறக்கிவிடுவது. எல்லாம் சரியாக இருக்கிற வரைக்கும் அதற்கு வேலை இல்லை.

நாலைந்து பாட்டு நன்றாகப் போயிற்று. ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. வெள்ளையனின் அம்மா முன் வரிசையில், மடியில் கை வைத்துக்கொண்டு, மகனைப் பார்க்காமல் மற்றவர்கள் மகனைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனுக்கு வாசிக்கிற மேளக்காரர் காலில் வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மரியாதை. கித்தாருக்கு அதுவரை யாரும் ஊற்றியதில்லை. ஊர்ப்பிள்ளை வாசிக்கிறான், ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார்கள், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் தலையாட்டியிருக்கிறார். வெள்ளையனின் அம்மா செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு எழுந்து வந்தார். வெள்ளையன் வாசிப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் குனிந்துகொண்டார். இரண்டு காலிலும் ஊற்றிவிட்டு அந்த அம்மா இரண்டடி பின்னால் போய் நின்று கும்பிட்டார்.

ஜமக்காளம் நனைந்து தண்ணீர் மண்ணைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான். அவர் கத்தவில்லை. கை தந்திகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. குழாய் ஸ்பீக்கரில் ஒரே ஒரு சத்தம் நீளமாக வந்துகொண்டிருந்தது. சாமி வந்துவிட்டது என்று முன்னால் இருந்த பெண்கள் எழுந்து கும்பிட்டார்கள். ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் கசிந்த கரண்ட் வயர் வழியாகத் தந்திக்கு வந்து, அவர் உடம்பு வழியாக ஈர மண்ணுக்கு இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. மூன்று சுற்று டேப் கண்ணுக்கு முன்னால் வந்தது. “பிளக்க புடுங்குங்க” என்று நான் கத்தியது குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அய்யாக்கண்ணு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வயரோடு பிய்த்து எறிந்தார். வெள்ளையனை ஜீப்பில் ஏற்றினார்கள். பாதி மலை இறங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

வேன் அன்று கிளம்பவில்லை. மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. அந்த அம்மா மண்ணில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் ஊத்துன தண்ணி. நான் ஊத்துன தண்ணிதான் எம் புள்ளய இட்டுக்கினு போச்சி.”

அம்மனுக்குக் குற்றம் ஆகிவிட்டதோ என்று ஒருவர் முணுமுணுத்தார். கித்தாருக்கு ஏன் ஊற்ற வேண்டும் என்று இன்னொருவர். அந்த அம்மா பக்கம் எல்லாப் பார்வையும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது அய்யாக்கண்ணு எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்றார்.

“தண்ணி இல்லீங்க. அந்தம்மாவ ஒன்னும் சொல்லாதீங்க. பிளக்குல காலு வெட்னது நானு. தப்பு என்னுது.”

விழுந்து கும்பிட்டார். கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து அடித்தார்கள், வாங்கிக்கொண்டார். இனி இந்த மலையில் எந்த ஊருக்கும் மைக் கட்டக்கூடாது என்றார்கள், சரி என்றார். நான் பாடுகிற அக்காமாருக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் பையில் சால்டரிங் அயர்ன் இருந்தது, கச்சேரியில் ஏதாவது விட்டுப்போனால் ஒட்டலாம் என்று கொண்டுபோயிருந்தேன். நாலு எட்டு வைத்தால் போதும், அய்யாக்கண்ணு பக்கத்தில் போய் நிற்கலாம். பிளக்கில் கால் இருந்திருந்தாலும் வெள்ளையன் செத்திருக்க மாட்டார், வயர் டேப்புக்குள் இருந்திருந்தாலும் செத்திருக்க மாட்டார். இரண்டும் சேர்ந்ததால் போனது. தப்பில் பாதி அய்யாக்கண்ணுவுடையது, பாதி என்னுடையது. எனக்குக் கால் வரவில்லை. பயம்தான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

புதைக்கும்போது கித்தாரையும் உள்ளே வைத்துவிட்டார்கள். குழிக்குள் அந்தக் கறுப்பு ரேடியோ குமிழ் தெரிந்தது. மண் விழுந்ததும் என் வயரும் அதோடு போயிற்று. சீ, அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பத்து நாள் கழித்து மெட்ராசிலிருந்து நாலு இடத்தில் நிற்கும் ஸ்விட்ச் பார்சலில் வந்தது. முதலாளி பிரித்துப் பார்த்துவிட்டு என் மேசை டிராயரில் வைத்தார்.

பிறகு கல்யாணம், குழந்தை, சொந்தக் கடை. அய்யாக்கண்ணு மைக் செட்டை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மலையில்தான் கட்டக்கூடாது என்றார்கள், அவர் கீழேயும் கட்டவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து ஒருநாள் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத் தியாகதுருகம் பஸ் ஏறினேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் வீடு. மாட்டுக் கொட்டகையில் குழாய் ஸ்பீக்கர்களைக் குவித்துப் போட்டிருந்தார். ஒரு குழாய்க்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ரைஸ் மில்லில் வாட்ச்மேன் வேலை என்றார். என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நாளைப் பற்றிப் பேச அவருக்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்கள ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல வெச்சிக்கினு இருந்தேன். அந்தக் கித்தாரு நீங்கதான பாத்தது. அதுல ஒன்னும் கோளாறு இல்லயே?”

அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தேன். இதைவிடச் சுலபமாக யாரும் கேட்டுத் தரமாட்டார்கள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க. கித்தாரு சரியாத்தான் இருந்துது.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். மோரைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

அந்தப் பதிலோடு இன்னும் மூன்று வருடம் ஓட்டினேன். என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அதற்குத்தான் என்று தோன்றும். மறுபடி போனபோது அந்த வீட்டு வாசலில் கருமாதிக்குப் போட்ட பந்தலின் கால்கள் மட்டும் நட்டிருந்தன. அவர் மனைவி என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சர்க்கரை, கால் புண், கடைசியில் சோறு இறங்காதது.

“மலைல செத்த அந்தப் புள்ள பேரு வாயில வந்துக்கினே இருக்கும். ஒருவேள கித்தாருல கோளாறா இருந்திருக்குமோன்னு தெனம் ஒருதரம் சொல்வாரு. நீங்க வந்துட்டுப் போனீங்க பாருங்க, அதுக்கப்புறம் அது சொல்றதில்ல. அந்தப் பொண்ணே சொல்லிட்டுது, அப்ப முழுசா நான்தான்னாரு. அதோட சரி.”

அவரிடம் சொல்லாததை அவர் மனைவியிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கல்லூரிப் பெண் நேற்று கித்தாரை வாங்கிப்போக வந்தாள். படத்தில் பழைய மாடலுக்கு இருந்தபடியே செய்துவைத்திருந்தேன். முன்னால் இருட்டு, நடுவில் தடித்தது, பின்னால் கூர்மை. கறுப்புக் கோட்டையும் பற்றவைத்தேன். அது அங்கே இருக்க வேண்டியதுதான். அன்றைக்கும் இருக்க வேண்டியதுதான், பிளக்கில் எர்த் கால் இருந்திருந்தால். அவள் ஸ்விட்சை இருட்டில் தள்ளி ஒரு தந்தியைத் தட்டினாள். என் மேசை அதிர்ந்தது. இருபது வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வேறு யாருக்காவது அது ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. அந்தக் குழு இல்லை. லீடர் திருப்பூர் போய்விட்டார். ரிப்பேர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அந்த டிராயரோடு நாலிட ஸ்விட்சும் எங்கேயோ போயிற்று. வெள்ளையனின் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாராம். தண்ணீர்தான் என்று நம்பிக்கொண்டே போனாரா, பிளக்குதான் என்று நம்பிப் போனாரா, அதுவும் தெரியாது.

“சூப்பர் ஆன்ட்டி. வேற ஒன்னும் கோளாறு இல்லயே?” என்றாள்.

வாய்வரை வந்துவிட்டது, இல்லை என்று. பழகிய பதில்.

“இருக்குது. உக்காரும்மா” என்றேன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் முதலில் டேப்பைப் பற்றிச் சொன்னேன், மூன்று சுற்று, நுனி மடித்து ஒட்டியது. பிறகு ஒரு பெயரைச் சொன்னேன். தியாகதுருகத்தில் அய்யாக்கண்ணு என்று ஒருத்தர் இருந்தார், அவர் மேல் பாதிதான் தப்பு என்றேன். அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்று தெரியாது. கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, மரியாதைக்காக, கேட்டுக்கொண்டிருந்தாள்.